அறுக்காமல் விட்ட அரைஞாண் கயிறு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஆஸ்பத்திரியில் என்னைவிடச் சுத்தமாக ஒரு நோயாளியைக் குளிப்பாட்டிய ஆள் இதுவரை வேலைக்கு வரவில்லை. புதிதாக உதவியாளர் வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களில் யாராவது அப்படி வரலாம். வந்தால் சந்தோஷப்படுவேன். ஆனால் கண்ணால் பார்க்காமல் நம்ப மாட்டேன்.

என் பெயர் ராசாமணி. படிப்பு அஞ்சாம் வகுப்பு. அதிலும் கடைசி மூன்று மாதம் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் பருத்தி எடுக்கப் போனேன். விக்கிரமங்கலம் பக்கம் பிறந்தவள். கல்யாணமான பிறகு எறையூர் ஆலைக்குப் போகிற கரும்பை வெட்டினேன். அந்தக் காய்த்துப்போன கையோடுதான் பெரம்பலூருக்கு வந்து, இந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் தரை பெருக்கும் வேலையில் சேர்ந்தேன். போன வருஷம் நான் ஓய்வு பெற்றபோது தீவிர சிகிச்சைப் பிரிவின் உதவியாளர்கள் எல்லோருக்கும் நான்தான் தலைவி. நடுவில் நடந்ததெல்லாம் என் கைச் சம்பாத்தியம். யாரும் சிபாரிசு செய்யவில்லை. சிபாரிசு செய்ய எனக்கு யார் இருந்தார்கள்?

நீங்களெல்லாம் பன்னிரண்டாம் வகுப்பு தாண்டி, டிப்ளமோவும் முடித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். விரிப்பு மாற்றுவதையும், புண் வராமல் திருப்பிப் படுக்க வைப்பதையும் நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே ஒரு நோயாளியைப் பற்றி எழுதுகிறேன். அவன் விஷயத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். இத்தனை வருஷத்தில் நான் ஒத்துக்கொள்ளும் தப்புகள் கொஞ்சம்தான். அதனால் கவனமாகப் படியுங்கள்.

அதற்கு முன்னால் பஸ்ஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நம் ஊர்ப்பக்கம் பருத்தியும் மக்காச்சோளமும் பச்சைப் பிடித்து நிற்கும் மாதங்களில், மருந்து அடிக்கிறவர்கள் நம் வார்டுக்கு வந்து சேர்வார்கள். பூச்சி மருந்து உடம்பில் இறங்கிவிட்டால் என்ன ஆகும் என்று சீக்கிரமே உங்கள் கண்ணால் பார்ப்பீர்கள். வாயில் நுரை தள்ளும், கண்ணில் நீர் கொட்டும், உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றும். கண்மணி ஊசிமுனைபோலச் சுருங்கிவிடும். நெஞ்சுக்குள்ளே சளி கொப்பளித்து, தண்ணீர் இல்லாமலே ஆள் மூழ்கிப் போவான். டாக்டர்கள் உடனே அட்ரோபின் ஊசி போடுவார்கள். பல வருஷமாக அந்தப் பெயரை நான் கேட்டிருக்கிறேன், காலி மருந்துக்குப்பிகளைப் பொறுக்கிப் போட்டிருக்கிறேன். அது என்ன செய்கிறது என்று யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

நான் சொல்லப்போகும் நோயாளி வந்த வருஷம் எங்கள் பிரிவுக்குப் புதிதாக ஒரு டாக்டரம்மா வந்தார். என் கடைசி மகளைவிட இளையவர். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார், அதனால் சொல்லவில்லை. வந்த முதல் வாரமே என்னிடம் ஒரு வேலை கொடுத்தார். மருந்து அடித்து வருகிறவர்களின் அக்குளைக் கால் மணிக்கு ஒரு தடவை தொட்டுப் பார்த்து, ஈரமா காய்ந்திருக்கிறதா என்று சொல்ல வேண்டும்.

"அக்குளா?" என்றேன். "நாடி பாக்கச் சொன்னாலும் ஒரு மரியாதை."

"கண்ணு ஏமாத்தும்க்கா. நெஞ்சும் அக்குளும் ஏமாத்தாது. நெஞ்சை நான் பாத்துக்கறேன். அக்குள் உங்க பொறுப்பு."

"சரி. அப்ப ஒண்ணு சொல்லுங்க டாக்டரம்மா. இந்த ஊசி வெசத்தை முறிக்குதா?"

"முறிக்காது. அது வெசத்தைத் தொடக்கூட தொடாது."

"பொறவு எதுக்குப் போடறீங்க, அழகுக்கா?"

வேறு டாக்டராக இருந்தால் முறைத்திருப்பார். இவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நம் உடம்பில் இருக்கும் ஒவ்வொரு செல்லின் வெளிச்சுவரிலும் ரிசெப்டார் என்று குட்டிக் குட்டி இருக்கைகள் உண்டாம். நரம்பு ஒரு ஆளை அனுப்புமாம். அப்படி வந்து உட்காருகிற எதற்கும் பொதுப்பெயர் லைகண்ட். தனக்கென்று அமைந்த இருக்கையில்தான் அது உட்கார முடியும், கண்ட இடத்தில் உட்காராது. உட்கார்ந்த நொடியில் செல்லுக்குள்ளே கட்டளை ஓடும். எச்சிலை ஊற வை, வேர்வையை விடு, நெஞ்சுத் துடிப்பைக் குறை என்று இடத்துக்கு இடம் ஒரு கட்டளை. வேலை முடிந்ததும் அந்த ஆளை இறக்கிவிட இன்னொருத்தன் தயாராக நிற்பான். பூச்சி மருந்து அந்த இறக்கிவிடுகிறவனின் கையைக் கட்டிப்போடுகிறது. உட்கார்ந்த ஆள் இறங்குவதில்லை. கட்டளை நிற்பதில்லை. எச்சில், வேர்வை, சளி எல்லாம் ஊறிக்கொண்டே இருக்கும்.

நான் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினேன்.

"இருங்க இருங்க டாக்டரம்மா. இது நம்ம பஸ் ஸ்டாண்டு."

"எப்படிக்கா?"

"அரியலூர் பஸ் வந்து நிக்குதுன்னு வெச்சுக்கங்க. உக்காந்தவனை எறக்கிவுடற கண்டக்டரைக் கட்டிப்போட்டுட்டா ஒருத்தனும் எறங்க மாட்டான். சீட்டு ரொம்பிப் போச்சு. இப்ப நம்ம என்ன பண்ணுவோம்? தப்பித் தவறி ஒரு சீட்டு காலியாவும் பாருங்க, அந்தக் கண்ணிமைக்கற நேரத்துல ஜன்னல் வழியா துண்டை வீசுவோம். துண்டு கெடந்தா அது ஆளு உக்காந்த மாதிரி. வேற எவனும் உக்கார முடியாது. ஆனா துண்டு கட்டளை போடாது. அதுதானே உங்க ஊசி?"

அந்த அம்மா என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார். "என் புரொஃபசர்கூட இப்படிச் சொல்லித் தரலக்கா" என்றார். நான் மிகைப்படுத்தவில்லை, பக்கத்தில் நின்ற நர்சும் கேட்டாள்.

ஒரு திருத்தம் மட்டும் சொன்னார். பஸ்ஸில் ஆள் உள்ளே ஏறிவிடுகிறான். செல்லுக்குள் அவன் நுழைவதே இல்லை. வாசல்படியில் உட்கார்ந்து குரல் கொடுத்துவிட்டு, அப்படியே எழுந்து போய்விடுவான். வீடு மொத்தமும் விழித்துக்கொள்ளும். பிள்ளைகளே, அன்று முழுக்க எனக்கு வேறு நினைப்பு ஓடவில்லை. ஆள் வெளியே, வேலை உள்ளே. உள்ளே நுழையாமலே ஒரு வீட்டை நடத்துகிறான். எத்தனையோ வீட்டு வாசலில் நின்று கூலிக்குக் குரல் கொடுத்தவள் நான். எனக்கு அது புரியாமல் போகுமா? இப்போது அந்தத் துண்டுக் கதையை டாக்டரம்மா வகுப்பெடுக்கும் இடத்திலெல்லாம் சொல்கிறாராம். துண்டு என்னுடையது என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி செல்வராசு.

குன்னம் பக்கத்து ஆள். இருபத்தெட்டு வயது இருக்கும். பருத்திக்குக் கூலிக்கு மருந்து அடிக்கிறவன். ஒரு நாள் காலை பதினோரு மணி சுமாருக்கு அவனைக் குட்டியானை வண்டியில் கிடத்திக் கொண்டுவந்தார்கள். கூட வந்தது அவன் அம்மா அஞ்சலை மட்டும். முதுகில் மாட்டிய மருந்து அடிக்கும் பேட்டரி டேங்க் அடியில் ஒழுகியிருக்கிறது. அவன் அதைக் கவனித்தும் வேலையை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று அடித்துக்கொண்டே போயிருக்கிறான். முதுகிலிருந்து இடுப்பு வரைக்கும் ஊறிக் கிடந்தது.

டாக்டரம்மா மூச்சுக்கும் ஊசிக்கும் வேண்டியதைப் பார்த்தார். நான் கையுறையை இரண்டு அடுக்காக மாட்டிக்கொண்டு சட்டை, லுங்கி, உள்ளே இருந்தது எல்லாவற்றையும் கத்தரித்துப் பையில் கட்டிப் போட்டேன். தலைமுடி, காதுமடல், நகக்கண், விரலிடுக்கு என்று ஓர் இடம் விடாமல் சோப்பு போட்டுக் கழுவினேன். இடுப்புக்கு வந்தபோது அஞ்சலை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தாம்மா, அதை மட்டும் தொடாத."

அரைஞாண் கயிறு. கருப்புக் கயிறுதான், ஆனால் நீங்கள் நினைக்கும் மெல்லிசுக் கயிறு இல்லை. அவன் பிறந்ததிலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை கோயிலில் வைத்து எடுத்த புதுக் கயிறு ஒன்றை, பழசை எடுத்துவிடாமல், இடுப்பு பெருக்கப் பெருக்கத் தளர்த்தி மட்டும் விட்டு, மேலே மேலே சுற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். கட்டைவிரல் கனம் இருந்தது. அதில் துணியில் பொதிந்து தைத்த தாயத்து ஒன்று வேறு.

"அவங்கப்பன் போனப்ப இவன் கைப்புள்ள. இவனாச்சும் தங்கணும்னு வேண்டிக் கட்டுனது. ஒரு நாளு எறக்குனதில்ல."

ஆம்பளை இடுப்பிலிருந்து அரைஞாணை அறுப்பது எப்போது என்று நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டாம். பாடையில் ஏற்றுவதற்கு முன்னால்தான். எனக்கும் பிள்ளைகள் உண்டு. அவள் பிடித்த பிடியில் என் கை தளர்ந்துவிட்டது. கயிற்றின் மேலாகச் சோப்புத் தண்ணீரை ஊற்றினேன், அடியிலும் மேலிலும் தேய்த்தேன், துடைத்தேன். போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஊசி வேலை செய்தது. நெஞ்சுச் சத்தம் அடங்கியது. அக்குள் மாவு தடவியதுபோலக் காய்ந்தது. நான் சொன்னேன், டாக்டரம்மா தலையாட்டினார். அஞ்சலை என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நான் குளிப்பாட்டுன எவனும் திரும்பி மோசமானதில்ல, பயப்படாத" என்றேன்.

மத்தியானம் இரண்டு மணிக்கு அக்குள் ஈரமாக இருந்தது.

டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். மறுபடி கொப்பளிக்கிறது. ஊசியின் அளவைக் கூட்டினார். காய்ந்தது. முக்கால் மணி நேரத்தில் மறுபடி ஈரம். மறுபடி கூட்டினார். அரை மணியில் மறுபடி ஈரம். மூச்சு இரைக்க ஆரம்பித்தது, உதடு நீலம் பாரித்தது.

டாக்டரம்மா பெரிய டாக்டருக்குப் போன் போட்டார். அவர் வெளியூரில் இருந்தார். போனில் அவர் சொன்னது எனக்கும் கேட்டது. குடித்திருப்பான், வீட்டு ஆள் மறைக்கிறார்கள், வயிற்றைக் கழுவிப் பாருங்கள் என்றார். தப்பில்லை, பத்துக்கு அஞ்சு பேர் மறைக்கத்தான் செய்வார்கள். டாக்டரம்மா அஞ்சலையிடம் வந்தார்.

"அம்மா, பயப்படாம உண்மையைச் சொல்லுங்க. மருந்தைக் குடிச்சாரா?"

அஞ்சலை எழுந்த வேகத்தில் ஸ்டூல் சாய்ந்தது. "எம்புள்ள எதுக்கும்மா குடிக்கணும்? வர்ற தையில கல்யாணம்! பொண்ணு ஊட்டுல பூ வெச்சுட்டு வந்திருக்கோம்! குடிச்சானாமுல்ல, குடிச்சான்!"

டாக்டரம்மா கட்டிலுக்குத் திரும்பி வந்தார். அந்த நிலையில் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினால் உள்ளே இருப்பது நுரையீரலுக்குள் போய்விடலாம். கழுவாமல் விட்டு, அவன் நிஜமாகவே குடித்திருந்தால் விஷம் ஏறிக்கொண்டே போகும். இருபத்தேழு வயதுப் பெண், கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். மேலே பார்க்கவில்லை, யாரையும் திட்டவில்லை. எனக்குக் கேட்கிற மாதிரி மெதுவாகப் பேசினார்.

"துண்டு போட்டுக்கிட்டே இருக்கோம்க்கா. பத்தல. கண்டக்டர் கையைக் கட்டறவன் இன்னும் புதுசு புதுசா ஏறிக்கிட்டே இருக்கான். எந்த வழியா ஏறறான்?"

பிறகு நிமிர்ந்து கேட்டார். "குளிப்பாட்டுனது யாரு?"

"நான்தான்."

"எல்லாத்தையும் எடுத்தீங்களா?"

பிள்ளைகளே, அந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். 'எடுத்தாச்சு' என்ற சொல் என் நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் அந்தக் கேள்விக்கு அந்த ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறேன், அது எப்போதும் உண்மையாகவும் இருந்திருக்கிறது. நர்சுகள் இரண்டு பேர் நிற்கிறார்கள். என்னிடம் வேலை கற்ற பெண்கள் நிற்கிறார்கள். நான் குளிப்பாட்டியதில் ஒரு குறை என்று இந்த வார்டில் ஒருத்தரும் சொன்னதில்லை. 'எடுத்தாச்சு' என்று சொல்லியிருந்தால் டாக்டரம்மா நம்பியிருப்பார். நம்பிவிட்டு வயிற்றுக்குக் குழாயை எடுத்திருப்பார்.

"ஒண்ணை வுட்டுட்டேன்" என்றேன். "அரைஞாண் கயிறு. கட்டைவெரல் கனம். தாயத்து வேற இருக்கு. துணித் தாயத்து."

அவர் போர்வையை விலக்கிக் குனிந்தார். கையுறை போட்ட விரலால் கயிற்றைப் பிழிந்தார். ஈரம் கசிந்தது. அந்த நாற்றம், மருந்துக் கடைக் கதவைத் திறந்ததுபோல எழும்பி வந்தது. உள் சுற்றுகள் எல்லாம் பஞ்சுபோல மருந்தைக் குடித்து வைத்திருந்தன. நான் மேலே ஊற்றிய தண்ணீர் வெளிச் சுற்றோடு நின்றுவிட்டது. உடம்புச் சூட்டில் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தோலுக்குள் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது.

"அறுங்கக்கா."

கத்தரிக்கோலை எடுத்தேன். அஞ்சலை ஓடிவந்து மகன் மேல் விழுந்து இடுப்பை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

"வேணாண்டி! வேணாம்! உசுரு இருக்கறப்பவே பொணமாக்கிப்புடாத! உன் கால்ல வுழறேன்!"

டாக்டரம்மா அவள் கையைப் பிடித்து விளக்கப் பார்த்தார். அதெல்லாம் அந்த நேரத்தில் ஏறாது. அவளுக்குப் புரியும் பேச்சு எனக்குத்தான் தெரியும். குனிந்து அவள் காதுக்குள் சொன்னேன்.

"அஞ்சல, கேளு. இன்னைக்கு இதை நான் அறுக்கறேன், இல்லாட்டி நாளைக்கு உங்க ஊரு வெட்டியான் அறுப்பான். நீயே சொல்லு, யாரு அறுக்கட்டும்?"

அவள் கையை எடுக்கவில்லை. ஆனால் பிடி தளர்ந்தது. முகத்தை அவன் நெஞ்சில் புதைத்துக்கொண்டாள். நான் விரலை உள்ளே விட்டு வெட்டினேன். ஒரு வெட்டில் அறவில்லை, மூன்று வெட்டு. ஒவ்வொரு வெட்டுக்கும் அவள் உடம்பு தூக்கிப்போட்டது. கயிற்றை எடுத்த இடத்தில் தோல் தீக்காயம்போல வளையமாகச் சிவந்து கிடந்தது. அந்த இடத்தை மறுபடி மறுபடி கழுவினேன்.

"இவன் போனா நீதாண்டி பொறுப்பு" என்றாள் அஞ்சலை. கத்தவில்லை, சாதாரணமாகச் சொன்னாள். "ஊருக்கெல்லாம் சொல்லுவேன்."

சாயங்காலம் ஐந்து மணிக்கு அக்குள் காய்ந்தது. ஆறு மணிக்கும் அப்படியே இருந்தது. ஊசியைக் கூட்டாமலே காய்ந்திருந்தது. வயிற்றுக் குழாய் தேவைப்படவே இல்லை. டாக்டரம்மா அன்றைக்கு முதல் தடவையாக ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

இதோடு கதை முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். நீங்களும் ஒரு பாதியைத்தான் கற்றிருப்பீர்கள்.

மூன்றாம் நாள் காலையில் செல்வராசு கண் விழித்திருந்தான், நெஞ்சு சுத்தம், எச்சில் இல்லை. நான் போனபோது ஏதோ சொல்ல வாயெடுத்தான், குரல் மூக்கால் வந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

"தம்பி, தலகாணியிலேருந்து தலையை மட்டும் தூக்கு பாப்போம்."

தூக்கினான். இரண்டு விரல் உயரம் எழுந்து, பச்சைக் குழந்தை தலைபோலப் பின்னால் விழுந்தது. டாக்டரம்மா வந்து இன்னொரு தடவை தூக்கச் சொன்னார். இந்தத் தடவை எழவே இல்லை. ஒரு மணி நேரத்துக்குள் மூச்சு மேலோட்டமாகிவிட்டது. தொண்டையில் குழாய் வைத்து மெசினில் போட்டார்கள்.

நான் டாக்டரம்மாவிடம் போனேன். "துண்டைக் கூடப் போடுங்களேம்மா. கயித்தையும் எடுத்தாச்சுல்ல?"

"இங்க அந்தத் துண்டு நிக்காதுக்கா. சீட்டு வேற."

"அதே ஆளுதானே வர்றான்?"

"ஆளு ஒருத்தன்தான். சீட்டு ரெண்டு தினுசு. எச்சில், வேர்வை, சளி ஊறற இடத்துல ஒரு தினுசு. கழுத்துச் சதை, மூச்சு இழுக்கற சதை இதுல வேற தினுசு. நம்ம ஊசி முதல் தினுசுலதான் உக்காரும். ரெண்டாவதுல ஆளுங்க ரொம்ப நேரம் எறங்காமயே உக்காந்து, சீட்டே மரத்துப் போச்சு. சொன்னா இப்ப கேக்காது."

"அப்ப என்ன பண்ணுவீங்க?"

"காத்திருப்போம். சீட்டு தெளியும், உடம்பு புதுசா கண்டக்டரை வேலைக்கு எடுத்துக்கும். அதுவரைக்கும் மெசின் மூச்சு விடட்டும்."

ஒரே ஆள் ஒரு வாசலில் உட்கார்ந்தால் எச்சில் ஊறுகிறது, இன்னொரு வாசலில் உட்கார்ந்தால் கழுத்து நிமிர்கிறது. என்ன கட்டளை என்பதை வருகிறவன் தீர்மானிப்பதில்லை, இருக்கைதான் தீர்மானிக்கிறது. மகா கெட்டிக்காரன்தான் இந்த உடம்பைக் கட்டியிருக்கிறான். ஆனால் அவன் மெசினில் கிடந்த ஒன்பது நாளும் அதை வியக்கும் நிலையில் நான் இல்லை.

அஞ்சலை சொன்னதைச் செய்தாள். ஊருக்குப் போய்ச் சொல்லவில்லை, ஊரே வந்து போகிற வராந்தாவில் உட்கார்ந்து சொன்னாள். "தெளிஞ்சிருந்த புள்ள. கயித்தை அறுத்தா, மூச்சு அறுந்துபோச்சு." பார்க்க வந்தவர்கள் கண்ணாடி வழியாக என்னைத்தான் முதலில் பார்த்தார்கள், பிறகுதான் அவனைப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரியில் வேறு வார்டுக்கு மாற்றித்தரட்டுமா என்று கேட்டார்கள். மாட்டேன் என்றேன். இரண்டு மணிக்கு ஒரு தடவை அவனைத் திருப்பினேன், முதுகைத் துடைத்தேன். அந்தச் சிவந்த வளையத்துக்கு மருந்து போட்டேன். அவன் முதுகில் ஒரு சின்னப் புண்கூட வரவில்லை. இதை நான் பெருமையாகவே சொல்கிறேன்.

ஆனால் மெசின் சத்தத்துக்கு நடுவே ஒரு கணக்கு என்னை விடவில்லை. கயிற்றை அறுத்ததால் அவன் மெசினுக்குப் போகவில்லை, அது எனக்குத் தெரியும். அறுக்காமல் விட்ட நாலு மணி நேரம் உள்ளே இறங்கிய விஷம்? அது இல்லாவிட்டால் கழுத்து நின்றிருக்குமோ? டாக்டரம்மாவிடம் கேட்டேன். "அதை யாராலும் சொல்ல முடியாதுக்கா" என்றார். "இல்ல" என்று ஆறுதலுக்காகக்கூட அவர் சொல்லவில்லை. அன்றிலிருந்து அந்தப் பெண்மேல் எனக்கு இன்னும் மரியாதை கூடிவிட்டது.

மெசினில் போட்டதிலிருந்து ஐந்தாம் நாள் கால் கட்டைவிரல் அசைந்தது. ஏழாம் நாள் கையைப் பிடித்தால் திருப்பிப் பிடித்தான். ஒன்பதாம் நாள் காலையில் டாக்டரம்மா தலையைத் தூக்கச் சொன்னார். தூக்கினான். நான் எண்ணினேன். அஞ்சு எண்ண வேண்டும் என்பது அவர் கணக்கு. நான் பத்து எண்ணும் வரைக்கும் தலை இறங்கவில்லை. போதும்டா தம்பி என்று நானே தலையணையில் சாய்த்தேன். அன்று மத்தியானம் குழாயை எடுத்தார்கள்.

அஞ்சலைக்கு வாய் அப்படியே திரும்பிவிட்டது. அதே வராந்தா, அதே ஆட்கள். "இந்த ராசாமணியம்மா கைதான் எம்புள்ளைய மீட்டுக் குடுத்துச்சு. தெய்வக் கை. ஒரு கொறை சொல்ல முடியாது. வந்த அன்னிக்கே தேய்ச்சுக் கழுவி எடுத்துச்சு பாரு..." அடுத்த நாள் காலையில் அவனுக்குக் கஞ்சி கொடுக்க நான் போனபோது, பக்கத்துக் கட்டில்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

புகழ் எனக்குப் பிடிக்காதா என்ன? இவ்வளவு நேரம் படித்ததில் உங்களுக்கே தெரிந்திருக்கும். யாரும் புகழாத நாளில் நானே புகழ்ந்துகொள்கிறவள். ஆனால் அந்தச் சொற்களை என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. கஞ்சிக் கிண்ணத்தை மேசையில் வைத்தேன்.

"அஞ்சல, நிறுத்து. மொத நாளு நான் தப்புப் பண்ணேன். அந்தக் கயித்தை அப்பவே எடுத்திருக்கணும். நாலு மணி நேரம் உம்புள்ள கூடுதலா பட்டது என்னாலதான்."

 அஞ்சலை என்னைப் பார்த்தாள். 

"நாந்தானே உங்கையப் புடிச்சேன்" என்றாள்.

"நீ பெத்தவ, புடிக்கத்தான் செய்வ. நான் வேலைக்காரி. வுட்டிருக்கக் கூடாது."

அவள் கண் நிறைந்தது. ஏதோ திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. அழவும் இல்லை. புடவைத் தலைப்பால் கிண்ணத்தின் விளிம்பைத் துடைத்தாள்.

"ஆறிப்போவுது. மொதல்ல அவனுக்கு ஊட்டு."

பத்து நாளாக அந்தத் தொண்டை ஒன்றும் விழுங்கியதில்லை. முதலில் அரைக் கரண்டி மட்டும், விழுங்குவதைப் பார்த்த பிறகே அடுத்தது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அவனை நிமிர்த்தி உட்கார வைத்தேன். அரைக் கரண்டியை வாயில் விட்டேன். அவன் உதட்டை மூடினான். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அஞ்சலையின் கை என் மணிக்கட்டை வந்து பிடித்தது. நாங்கள் இரண்டு பேரும் அவன் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

தொண்டை ஏறி இறங்கியது.

"இன்னும்" என்றான் செல்வராசு.